விழிப்புணர்வு இல்லையாம் நமக்கு

வருசா வருசம் மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே உபதேசம் தொடங்கிவிடுகிறது. நாளிதழ்கள் கல்வி மலர் போடுகின்றன. கல்யாண மண்டபங்களில் வழிகாட்டி முகாம் நடக்கிறது. வாசலில் சுயநிதிக் கல்லூரிக்காரன் பையும் பேனாவும் கொடுக்கிறான். மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு 'அடித்தட்டு மக்களிடம் உயர்கல்வி பற்றிய விழிப்புணர்வு இல்லை' என்று வருத்தப்படுகிறார். அவரையாவது விட்டுவிடலாம், சேரிக்குள் கால் வைத்திராத மனிதர். நம்மிலேயே படித்து, இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், நகரத்தில் வீடு கட்டிக்கொண்ட சிலரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 'நம்ம ஜனத்துக்கு விவரம் பத்தாதுப்பா.' இவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நிதானமாக எழுதச் சொல்கிறவர்கள் ஒரு ஜூன் மாதம் என்னோடு வந்து ஒரு அலுவலகத்து வராந்தாவில் நின்று பார்க்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, அடுத்தது இது. ஊர்ப் பெயரிலேயே ஒரு சாதிப் பட்டம் உட்கார்ந்திருக்கிறது. நம் பிள்ளை விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போதெல்லாம் அந்தப் பட்டத்தையும் சேர்த்துத்தான் எழுதியாக வேண்டும். அது போகட்டும். கிழக்கே கடல், மேற்கே 1968இல் தொடங்கிய ஆரோவில், நடுவில் விருந்தினர் விடுதிகள். அந்த விடுதி ஒன்றில் துணி துவைத்து அறை கூட்டுகிறாள் அந்த வீட்டு அம்மா. அப்பன் கட்டட வேலை. அம்மா பிறந்த வீடு மரக்காணம். அங்கே அண்ணன், அண்ணி, சித்தப்பன் எல்லாரும் உப்பளத்துக் கூலி. வீட்டில் ஒரு ஆயா. ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவள்.

அந்த ஆயா பேத்தியின் சான்றிதழ்களை எப்படி வைத்திருக்கிறாள் தெரியுமா? மூன்று பாலித்தீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொன்றின் வாயையும் நூல் கட்டி, அரிசி வைக்கிற தகர டப்பாவுக்குள் அரிசிக்கு நடுவில். மழை கூரையில் ஒழுகினாலும் நனையாது, எலி கடிக்காது. 2011 டிசம்பரில் தானே புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது மகள் சட்டிபானையைத் தேட, இவள் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் அதேதான். மழைக்கு மட்டும் பயந்தல்ல. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் நம் வீடுகள் கொளுத்தப்பட்ட பிறகு இந்தக் கரையில் நம் பெண்கள் காகிதத்தை நெருப்புக்கும் பயந்து வைத்திருக்கிறார்கள். வீடு எரிந்தால் திரும்பக் கட்டலாம், மார்க்கு சீட்டு எரிந்தால் எவன் தருவான் என்று அவளுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, எந்தக் காகிதம் சாதிச் சான்று, எது மாற்றுச் சான்றிதழ் என்று அதன் நிறத்தையும் முத்திரையையும் வைத்தே எடுத்துக் கொடுக்கிறாள்.

விழிப்புணர்வு இல்லாதவள் செய்கிற வேலையா இது?

இனி நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று வேண்டும். இருக்கிறதே, பழைய அட்டை? அது செல்லாது, கணினியில் எடுத்த சான்று வேண்டும் என்றார்கள். சரி, இ-சேவை மையம். ஒரு சான்றுக்கு அறுபது ரூபாய். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று நான்கு சான்று. கணினியில் பதிந்தால் ஆச்சு என்று நினைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும், வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், அதற்கு மேல் வட்டாட்சியர் அலுவலகம். கணினி வந்ததால் நடை குறைந்தது என்கிறார்கள். நடை குறையவில்லை. முன்பு மூன்று இடத்துக்கு நடந்தார்கள், இப்போது கணினிக்காரனிடத்துக்கும் சேர்த்து நான்கு இடம். அப்பன் பெயர் ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றில் வேறு எழுத்து. விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏன் திரும்பியது என்று திரையில் ஒரு வரி இருந்தது, ஆங்கிலத்தில். மறுபடியும் அறுபது.

ஆயா என்னிடம் கேட்டாள்: 'ஏம்பா, பள்ளிக்கோடத்துல சேத்தப்பவே பறப்புள்ளன்னு எழுதிக்கினாங்கதான? அத அழிச்சிட்டாங்களா இன்னா? ஊருத் தெருவுல நாம நடக்கறப்ப எவனும் சான்றிதழு குடுன்னு கேக்கலியே, பாத்த ஒடனே தெரிஞ்சிக்கறான். இவங்கிட்ட மட்டும் நாங்க பறையருதாங்கன்னு ரூவா குடுத்து எழுதி வாங்கணுமா?'

நான் படித்த எந்தச் சமூகவியல் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இவ்வளவு சுருக்கமாக இல்லை. டீக்கடையில், குளத்தில், கோயில் தெருவில், சுடுகாட்டில் நம் சாதிக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. அங்கே அது தானாகவே செல்லுபடியாகிறது. உரிமை என்று ஒன்று வருகிற இடத்தில் மட்டும் நாம் யார் என்பது அரசாங்கத்துக்குத் திடீரென்று மறந்துபோகிறது.

பெயர் மேரி, அந்தோணி என்று இருந்தால் கதை வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறித்தவர் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பவுத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் நிற்க வேண்டும். கல்லறையில் தனிச்சுவர், கோயிலில் தனிப்பக்கம் என்று அனுபவிக்கிறபோது மட்டும் அவன் பறையன். இருளர் பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். பழங்குடிச் சான்று கொடுக்கிற அதிகாரம் கோட்டாட்சியருக்கு. அவர் நேரில் விசாரிக்க வேண்டும். பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று பிள்ளையிடம் கேட்ட அதிகாரிகள் கதையெல்லாம் இந்தப் பக்கம் ஏராளம். திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி என்கிற பிரபா கல்விமணி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதி, மறியல் செய்து வாங்கிக் கொடுத்ததெல்லாம் சலுகை அல்ல, அந்தப் பிள்ளைகள் யாரென்று சொல்லும் ஒரு தாள்.

சான்று வாங்கப் போகிற அந்த மே, ஜூன் எந்தக் காலம்? மரக்காணத்தில் உப்பு விளைகிற காலம். மழை ஓய்ந்து பாத்தி சீர் செய்து, தை மாசிக்குப் பிறகு வெயில் ஏற ஏறத்தான் உப்பு கட்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் கூலி கிடையாது. வருசம் முழுவதற்குமான கஞ்சியை இந்தச் சில மாதங்களில்தான் சம்பாதித்தாக வேண்டும். விடியற்காலை இருட்டில் அளத்தில் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வாரிக் கரை சேர்க்க வேண்டும். உப்பு நீரில் நின்று நின்று காலில் வெடிப்பு. அந்தக் காலோடு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பனோ ஆத்தாவோ அலுவலகத்துக்கு வருகிறார்கள். 'அய்யா கேம்ப் போயிட்டாரு, நாளைக்கு வா.' நாளைக்கு இன்னொரு கூலி போச்சு. மாதச் சம்பளக்காரனுக்கு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. உப்பளத்துக்காரனுக்கு விடுப்பு என்றால் பட்டினி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, 'ரெண்டு நாள் போலாம், மூணாவது நாள் முடியாது' என்று ஒரு தகப்பன் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லாமையா?

இன்னொரு சங்கதி இந்தக் கரைக்கே உரியது. வெளியூர் நண்பர்களுக்கு இது புரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெரிய முதலியார்சாவடி விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. தெற்கே சில கிலோமீட்டரில் புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையம் தாண்டினால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. அதற்கும் வடக்கே மறுபடியும் தமிழ்நாடு. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்டுத் துண்டு போட்ட நிலம். 1954இல் பிரெஞ்சுக்காரன் போனான், 1962இல் சட்டப்படி கைமாறியது, துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரே சாலை, ஒரே பேருந்து, ஒரே கடல், ஒரே பேச்சு. பெண் கொடுத்து எடுப்பதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

நம் பெண்ணுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற அரசுக் கல்லூரிகள் புதுச்சேரியில் இருக்கின்றன. அரை மணி நேரப் பயணம். ஆனால் அங்கே சேர்க்கை அந்த ஆட்சிப்பகுதியில் குடியிருக்கிறவர்களுக்கு. பட்டியல் சாதிக்கு அங்கே 16 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, அங்கத்திய பட்டியல் சாதிக்கு. அரசமைப்பின் 341ஆம் பிரிவு, ஒரு சாதி ஒரு மாநிலத்தைப் பொறுத்தவரையில் மட்டுமே பட்டியல் சாதி என்கிறது. தமிழ்நாட்டுக்கு 1950ஆம் ஆண்டு ஆணை, புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டு ஆணை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதிலும் பறையன் இருக்கிறான், அதிலும் பறையன் இருக்கிறான். இதிலும் ஆதிதிராவிடர், அதிலும் ஆதிதிராவிடர். ஆனால் கோட்டக்குப்பத்து எல்லையைத் தாண்டிப் போனால் நம் பெண் கையிலிருக்கிற சான்று வெறும் தாள். 1990இல் மார்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு இதை உறுதி செய்தது. ஆந்திராவில் பழங்குடியாகப் பிறந்த மாணவர், பம்பாயில் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். ஆந்திராவில் நீ பழங்குடி, மகாராட்டிரத்தில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதுவும் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்குதான் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: ஒவ்வொரு மாநிலத்திலும் தீண்டாமையின் அளவு வேறு, வெளியிலிருந்து வருகிறவன் உள்ளூர்த் தலித்தின் இடத்தைத் தின்றுவிடக் கூடாது. இரண்டாவது பாதியை நான் மதிக்கிறேன். புதுச்சேரிச் சேரிகளின் பிள்ளைகள் இடத்தை நாம் பறிக்க வேண்டாம், அவர்கள் நம் மாமன் மச்சான்கள். ஆனால் முதல் பாதி? கோட்டக்குப்பத்துக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவில் தீண்டாமை மாறுகிறதா? எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட நம்மவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்களா?

இருளர் விசயத்தில் இந்தப் பித்தலாட்டம் உச்சத்துக்கே போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருளர் பழங்குடி. அதிலும் மிகவும் நலிந்த பழங்குடி என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் 2016 வரை பழங்குடிப் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் இருளரைச் சேர்த்து ஆணை வந்தது. அதுவரை ஒரே குடும்பத்தில் அக்கா பழங்குடி, எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்ட தங்கச்சியின் பிள்ளைகள் பழங்குடி இல்லை.

இதே சாலையில் காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது தில்லியின் சட்டத்தில் நடக்கிறது. அங்கே பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, நம் பெண்ணின் சான்று அங்கே செல்லும். ஜிப்மரும் அப்படித்தான். ஆக, வீட்டு வாசலில் நின்று தெற்கே பார்த்தால் அவள் பட்டியல் சாதி இல்லை, வடக்கே பார்த்தால் பட்டியல் சாதி. ஒரு பேருந்து, மூன்று அரசாங்கம், மூன்று விதி, மூன்று விண்ணப்பம், மூன்று கடைசித் தேதி. சட்டம் படித்த வழக்கறிஞர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். இதை ஒரு துணி துவைக்கிற பெண் தெரிந்துவைத்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் விழிப்புணர்வு இல்லை!

'ரொம்பப் பழைய கதையெல்லாம் பேசுறீங்க, இப்ப எல்லாம் தகுதிதான்' என்பார்கள். பழைய கதையைக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மற்ற மாணவர்களோடு கலக்காமல் ஒதுங்கியிருந்ததை எழுதியிருக்கிறார். உள்ளே போனவர் நிலைமை அது. வெளியே நின்றவர்களுக்காகச் சென்னை மாகாணத்தில் வகுப்புரிமை ஆணை வந்தது. பதினான்கு இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணருக்கு இரண்டு, அரிசனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து ஒன்று, முசுலிம்களுக்கு ஒன்று. பதினான்கில் இரண்டு. அதைக்கூடப் பொறுக்க முடியவில்லை. செண்பகம் துரைராசன் என்ற பார்ப்பனப் பெண் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தேன், கிடைக்காது என்று தெரிந்தது என்றார். நீதிமன்றம் அதை ஒரு தடையாகக் கருதவில்லை. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையையே செல்லாது என்றது. பெரியாரும் மக்களும் தெருவில் இறங்கிய பிறகு அதே ஆண்டில் அரசமைப்பில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

விண்ணப்பம் போடாத ஒருவருக்காக ஒரு மாகாணத்தின் ஆணை உடைந்தது. இப்போது விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதி, தேறி, இடமும் கிடைத்த ஒரு பையன் கதையைக் கேளுங்கள். உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் பக்கம் டிடோரா கிராமம். அப்பன் தினக்கூலி. மகன் அதுல் குமார் நுழைவுத் தேர்வில் தேறி தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியலில் இடம் வாங்கினான். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி நேரம் 2024 ஜூன் 24, மாலை ஐந்து மணி. அப்பன் ஊரெல்லாம் கேட்டுப் பணம் திரட்டினான். பணம் சேர்ந்தபோது சில நிமிடங்கள்தான் பாக்கி. கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. கதவு சாத்தியாகிவிட்டது. எந்தெந்தக் கதவையோ தட்டி, சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனைச் சேர்க்கச் சொன்னது. 2021இலும் பம்பாய் ஐ.ஐ.டி. விசயத்தில் இன்னொரு தலித் மாணவனுக்குக் கட்டணம் கட்டும்போது கணினிக் கோளாறு, அவனும் உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் உள்ளே நுழைந்தான். நீதிபதிகளைப் பாராட்டி எழுதினார்கள். எழுதட்டும். உச்சநீதிமன்றம் வரை போகாமல், ஐந்து மணி தாண்டியதும் வீட்டுக்குத் திரும்பி மறுநாள் சித்தாள் வேலைக்குப் போனவர்களை எந்தப் பத்திரிகை எழுதியது?

பணம் என்று வந்துவிட்டது, அதையும் பேசிவிடுவோம். மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை வானத்திலிருந்து விழுந்ததல்ல. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது போராடி வாங்கியது, 1944இல் தொடங்கியது. அந்த உதவித்தொகை இல்லாமல் நம்மில் ஒரு தலைமுறை கல்லூரி வாசலைப் பார்த்திருக்காது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர், இதை எழுதுகிற நான் உள்பட. இன்று அதை வாங்க குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2013இல் வைத்த வரம்பு. 2019இல் உயர்சாதி ஏழைகளுக்கு என்று பத்து விழுக்காடு கொண்டுவந்தார்களே, அவர்களுக்கு வரம்பு எட்டு லட்சம். அதில் நமக்கு இடம் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி, 2022 நவம்பரில் உச்சநீதிமன்றமும் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஒப்புக்கொண்டது. எட்டு லட்சம் வாங்குகிற ஐயர் ஏழை. இரண்டரை லட்சத்துக்கு மேல் பத்து ரூபாய் வாங்கிவிட்ட பறையன் பணக்காரன். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தார்கள்?

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. நல்ல ஆணை. எத்தனை கல்லூரிகள் அதை வாசலில் எழுதிப் போட்டன? மாணவனிடம் பணத்தைக் கறந்துகொண்டு, அரசிடமும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. பின்னர் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று கத்தரித்தார்கள். 2021க்குப் பிறகு மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இடைத்தரகன் இல்லை. நடைமுறையில் என்ன? அது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அதுவரை கல்லூரிக்காரன் பொறுப்பதில்லை. 'மொதல்ல கட்டு, வந்ததும் எடுத்துக்க' என்கிறான். இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டேன், சான்றிதழ் தரமாட்டேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் 2018இலும் சொல்லிவிட்டது. நம் பிள்ளைகளின் சான்றிதழ்கள் இன்னும் கல்லூரி பீரோக்களில் அடகு வைத்த நகை மாதிரிக் கிடக்கின்றன. ஆயா அரிசி டப்பாவில் புயலிலிருந்து காப்பாற்றிய அதே சான்றிதழ்கள்.

நீட் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நிறையப் பேசியாகிவிட்டது. ஒன்று மட்டும். தமிழ்நாட்டில் 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை எடுக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று, சட்டம் வந்தது 2007இல். பத்தே ஆண்டில், 2017இல், அதைவிடப் பெரிய சுவர். குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. மூட்டை தூக்குகிற தொழிலாளியின் மகள். உச்சநீதிமன்றம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தாள். செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனாள். அவளைப் பார்த்து விழிப்புணர்வு இல்லை என்று சொல்ல எவனுக்காவது நாக்கு வருமா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு 2020இல் வந்ததும், 2021இல் அது பொறியியலுக்கும் விரிந்ததும் அவளுடைய சாவு கொடுத்த விலையில் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளற வேண்டும். வானூர் தனித் தொகுதி. திண்டிவனம் தனித் தொகுதி. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனி. இத்தனை தனித் தொகுதி இருந்தும் வானூரில் ஓர் அரசுக் கலைக் கல்லூரி வருவதற்கு 2000 ஆண்டும் தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் இந்தக் கரையின் பிள்ளைகள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடினார்கள். நம் இயக்கங்கள் சிலை திறக்கின்றன, கொடி ஏற்றுகின்றன, அதெல்லாம் வேண்டும்தான். சிலையை உடைக்கிறவன் இருக்கிறவரை சிலை வேண்டும். ஆனால் ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்து வாசலில் ஒரு மேசை போட்டு, நாலு பட்டதாரிப் பிள்ளைகளை உட்கார வைத்த இயக்கம் எத்தனை? அந்த அலுவலகங்களில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களில் நம்மவரும் உண்டு. 'சார், நம்ம புள்ள' என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரும் அவர்களில் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரன் பார்த்துவிடுவானோ என்று பயம். இரட்டைமலை சீனிவாசனின் பயம் நூற்றைம்பது வருசம் கழித்துச் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

என்ன கேட்கிறோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிற சாதியை, பத்தாம் வகுப்பு முடிகிறபோது பள்ளியிலேயே சான்றாகக் கொடு, அறுபது ரூபாய் கேட்காதே. உதவித்தொகை வரும்வரை பட்டியல் சாதிப் பிள்ளையிடம் ஒரு காசும் கேட்கக் கூடாது, கேட்கிற கல்லூரிக்கு அனுமதியை ரத்து செய். தனியார் கல்லூரியில் ஒதுக்கீடு வைக்க 2005ஆம் ஆண்டுத் திருத்தம் 15(5) என்று அதிகாரம் கொடுத்திருக்கிறது, உச்சநீதிமன்றமும் 2014இல் சரி என்றது, தில்லி இன்னும் அதற்குச் சட்டம் போடவில்லை, போடு. முதல் பட்டதாரிச் சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் என்பதை எடு. மூத்தவள் படித்ததற்குத் தம்பிக்குத் தண்டனையா? புதுச்சேரி எல்லையோரக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு, புதுச்சேரித் தலித்துகளின் பங்கைத் தொடாமல், கூடுதல் இடம் உண்டாக்கு. இரண்டு அரசும் தண்ணீருக்கும் சாராயத்துக்கும் பேசிக்கொள்கிறார்கள், இதற்கும் பேசலாம்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு மற்றவர்களுக்கு ஐம்பது ரூபாய், நம் பிள்ளைகளுக்கு இரண்டு ரூபாய்தான். அந்த இரண்டு ரூபாய் விண்ணப்பத்துக்குப் பின்னால் சான்றுக்கு, நடைக்கு, விட்ட கூலிக்கு என்று எத்தனை நூறு போனது என்பதை அவள் அம்மா விரல் விட்டுச் சொல்கிறாள். வேதியியல் கேட்டாள், கிடைக்கவில்லை. வருமானச் சான்று கைக்கு வந்தபோது முதல் கலந்தாய்வு முடிந்திருந்தது. வரலாறு கிடைத்தது. காலையில் இருட்டோடு கிளம்பி இரண்டு பேருந்து மாறி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறாள், புதுச்சேரிக் கல்லூரி வாசலைத் தாண்டியே. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதில் பாதி பேருந்துக்கும் தேநீருக்கும், மீதியைத் தம்பி பேரில் போட்டு வைக்கிறாள். தம்பி பதினொன்றாம் வகுப்பு.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஆயா அரிசி டப்பாவைத் திறந்து பையனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நாலாவது பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். 'இவனுக்கும் மொதல்லேந்து எழுதி வாங்கணுமா, இல்ல அக்காளுக்குக் குடுத்ததே போதுமா?' என்றாள்.

போதாது ஆயா. இவனுக்கும் தனியாக வாங்க வேண்டும். அறுபது ரூபாய்.